விண்டோஸ் 98: நெட்வொர்க் கார்டு தெரிகிறது, டிசிபி/ஐபி மட்டும் ஏறமாட்டேன் என்கிறது

தூசிதட்டி:

வணக்கம். அப்பாவின் பழைய கணினியோடு ஒரு வாரமாகப் போராடிக்கொண்டிருக்கிறேன். பென்டியம் 3, 450 மெகாஹெர்ட்ஸ், 128 எம்பி ராம், 10 ஜிபி ஹார்டு டிஸ்க், விண்டோஸ் 98 செகண்ட் எடிஷன். அப்பா போய் மூன்று வருடம் ஆகிறது. அவர் தட்டச்சு செய்த கடிதங்களும் ஸ்கேன் செய்த குடும்பப் படங்களும் அதில்தான் இருக்கின்றன. அவருடைய ஸ்கேனர் பிரிண்டர் போர்ட்டில் செருகும் வகை. அதற்கு விண்டோஸ் 98 டிரைவர் மட்டும்தான் உண்டு, அந்த சிடியும் தொலைந்துவிட்டது. இன்னும் இரண்டு ஆல்பம் ஸ்கேன் செய்ய வேண்டும். பென் டிரைவ் செருகினால் டிரைவர் கேட்கிறது. ஃப்ளாப்பியில் 1.44 எம்பிதான் போகும். நெட்வொர்க் வந்துவிட்டால் போதும் என்று நினைத்தேன்.

பழைய கார்டு செத்துப்போயிருந்ததால் வேறொரு கணினியிலிருந்து ஒரு பிசிஐ கார்டை எடுத்துப் போட்டேன். சிப்பின் மேல் நண்டுப் படமும் ஆர்டிஎல்8139டி என்ற எழுத்தும் இருக்கின்றன. டிரைவரைப் புதிய கணினியில் இறக்கி சிடியில் எழுதிக் கொண்டுவந்தேன். கார்டை முதலில் இரண்டாவது ஸ்லாட்டில் போட்டேன். டிரைவர் பாதி ஏறும்போது விண்டோஸ் 98 சிடியைக் கேட்டது. என் சிடியில் கீறல். சில கோப்புகளைப் படிக்க முடியவில்லை என்றதும் 'ஸ்கிப் ஃபைல்' அழுத்திவிட்டேன். நடுவில் 'இந்தக் கோப்பைவிடப் புதியது கணினியில் இருக்கிறது, அதையே வைத்துக்கொள்ளவா' என்று பல முறை கேட்டது. சில இடத்தில் யெஸ், சில இடத்தில் நோ கொடுத்தேன்.

அன்றிலிருந்து கணினியைப் போட்டால் கறுப்புத் திரையில் விநெட்சப்.விஎக்ஸ்டி என்ற கோப்பைக் காணவில்லை என்று வருகிறது. ஒரு விசையை அழுத்தினால் மேலே போகிறது. கார்டை நான்காவது ஸ்லாட்டுக்கு மாற்றினேன், பிறகு மூன்றாவதுக்கு. இப்போது நெட்வொர்க் பட்டியலில் அதே கார்டு மூன்று பெயரில் நிற்கிறது. டிவைஸ் மேனேஜரில் மஞ்சள் ஆச்சரியக்குறி ஒரு நாள் இருக்கிறது, மறுநாள் இல்லை. விண்ஐபிசிஎஃப்ஜி (ஐபி முகவரியைக் காட்டும் கருவி) கொடுத்தால் ஐபி அமைப்பைப் படிக்க முடியவில்லை என்கிறது. கணினி தன்னையே அழைக்கும் 127.0.0.1 முகவரிக்கு பிங் அடித்தால்கூட பதில் இல்லை. டிசிபி/ஐபியை (கணினிகள் நெட்வொர்க்கில் பேசும் புரோட்டோகால்) நான்கு முறை நீக்கிச் சேர்த்துவிட்டேன். எங்கே தவறு செய்கிறேன்?

நீலத்திரை:

இவ்வளவு குழம்பிய பிறகு சரி செய்ய உட்காருவது நேர விரயம். ஃபார்மேட் செய்து புதிதாக விண்டோஸ் போடுங்கள், ஒரு மணி நேர வேலை.

முதல்பிரதி:

தயவுசெய்து ஃபார்மேட் செய்யாதீர்கள். ஸ்கேனர் டிரைவர் சிடி இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள், கணினியில் இருக்கும் டிரைவர் போனால் ஸ்கேனரும் போனது.

நீங்கள் அடுத்து எதைத் தொடுவதற்கும் முன்னால் அந்த டிஸ்க்கை ஒரு பிரதி எடுங்கள். ஐடிஈ (பழைய இணைப்பு வகை) டிஸ்க்கை யுஎஸ்பியில் இணைக்கும் அடாப்டர் கிடைக்கும். 40 பின் உள்ள பெரிய வகைக்கும் தனி மின்சாரம் கொடுக்கும் மாதிரியாகப் பார்த்து வாங்குங்கள். டிஸ்க்கின் ஜம்பரை (பின்புறம் உள்ள சின்னச் செருகியை) மாஸ்டரில் வையுங்கள். விண்டோஸ் 98 டிஸ்க் பெரும்பாலும் ஃபேட்32 ஆகத்தான் இருக்கும், இன்றைய எந்தக் கணினியும் படிக்கும். கோப்புகளை மட்டும் இழுத்துப் போட்டால் போதாது, டிஸ்க் முழுவதையும் ஒரே இமேஜாக எடுத்து இரண்டு இடத்தில் வையுங்கள். 20 வயது தாண்டிய டிஸ்க் அது. எத்தனை முறை சுழலும் என்று யாரும் வாக்குக் கொடுக்க முடியாது.

கம்பிமுனை:

முதல்பிரதி சொன்னதை முதலில் செய்யுங்கள். அது முடிந்த பிறகுதான் நான் எழுதுவதற்கு வேலை.

உங்கள் கணினியில் நான்கு பிரச்சினைகள் ஒன்றின்மேல் ஒன்றாக ஏறியிருக்கின்றன. மேலே தெரிவது டிசிபி/ஐபி, அதனால் நீங்கள் அதையே நீக்கிச் சேர்த்துக்கொண்டிருக்கிறீர்கள். புரோட்டோகால் டிரைவரின் மேல் உட்காருகிறது, டிரைவர் கார்டின் மேல், கார்டு பயாஸ் (கணினியின் அடிப்படை மென்பொருள்) ஒதுக்கும் ஐஆர்க்யூவின் (சாதனம் செயலியைக் கூப்பிடும் எண்ணின்) மேல். கீழே ஆடும்போது மேலே எத்தனை முறை கட்டினாலும் நிற்காது. நான் பல வருடம் ஒரு பயிற்சிக் கூடத்தில் 11 கணினிகளைப் பார்த்துக்கொண்டவன். அங்கே ஒரு மாலை முழுவதும் ஒரே கணினியில் டிசிபி/ஐபியை ஏழு முறை போட்டேன். எட்டாவது முறைக்கு முன்னால் சேஃப் மோடில் போய்ப் பார்த்தபோதுதான் அதில் ஐந்து நெட்வொர்க் கார்டுகள் பதிவாகியிருப்பது தெரிந்தது. பெட்டிக்குள் இருந்தது ஒன்றே ஒன்று.

உங்களுக்கும் அதுதான் நடந்திருக்கிறது. விண்டோஸ் 98 ஒரு பிசிஐ கார்டை அது எந்த ஸ்லாட்டில் இருக்கிறது என்பதையும் சேர்த்தே நினைவில் வைக்கிறது. ஸ்லாட் மாறினால் அதற்கு அது புதிய கார்டு. பழைய பதிவு அழியாது, அதோடு கட்டிய டிசிபி/ஐபியும் அழியாது. சாதாரணமாகப் பார்த்தால் டிவைஸ் மேனேஜர் இப்போது செருகியிருப்பதை மட்டும் காட்டும். சேஃப் மோடில் இதுவரை பதிவான எல்லாவற்றையும் காட்டும். ஆவிகளை அங்கேதான் பிடிக்க வேண்டும்.

விநெட்சப் விஷயம் தனி. நெட்வொர்க் பாகங்கள் அரைகுறையாக ஏறினால் ரிஜிஸ்ட்ரியில் (விண்டோஸின் அமைப்புப் பதிவேட்டில்) பெயர் இருக்கும், டிஸ்க்கில் கோப்பு இருக்காது. நீங்கள் ஸ்கிப் அழுத்தியதன் விளைவு அது. அதே வரிசையில் விஐபி.386, விடிசிபி.386, விஎன்பிடி.386 ஆகியவையும் விடுபட்டிருக்கலாம். விண்டோஸ் ஃபோல்டருக்குள் சிஸ்டம் ஃபோல்டரில் அவை இருக்கின்றனவா என்று பாருங்கள். டிசிபி/ஐபி என்று நாம் சொல்வது இந்தக் கோப்புகளைத்தான். இவற்றில் ஒன்று இல்லையென்றாலும் 127.0.0.1 பதில் சொல்லாமல் போகலாம்.

ஆகவே சிடிப் பிரச்சினையை முதலில் முடித்துவிடுங்கள். கீறல் இல்லாத 98 எஸ்இ சிடி ஒன்று வேண்டும். உங்கள் சிடியையே வேறொரு நல்ல டிரைவில் போட்டுப் பாருங்கள், பெரும்பாலும் படித்துவிடும். அதில் வின்98 என்ற ஃபோல்டரை முழுவதும் எடுத்து, பழைய கணினியில் விண்டோஸ் ஃபோல்டருக்குள் ஆப்ஷன்ஸ், அதற்குள் கேப்ஸ் என்று உருவாக்கி அங்கே வையுங்கள். 100 எம்பிக்குச் சற்று மேல் இருக்கும். டிஸ்க் அடாப்டரில் இருக்கும்போதே இதைச் செய்துவிடலாம். கோப்பு எங்கே என்று விண்டோஸ் கேட்கும்போது அந்த இடத்தைக் காட்டினால் போதும். ஒவ்வொரு முறையும் காட்டச் சலிப்பாக இருந்தால் ரிஜிஸ்ட்ரியில் சோர்ஸ்பாத் என்ற மதிப்பைத் தேடி அந்த முகவரியாக மாற்றுங்கள். இந்த ஒரு வேலையைச் செய்திருந்தால் நான் பார்த்த நெட்வொர்க் புகார்களில் பாதிக்குமேல் வந்திருக்காது.

அப்புறம் சுத்தம். ஸ்டார்ட், ரன் போய் ஸ்கேன்ரெக்டபிள்யூ ஓட்டி ரிஜிஸ்ட்ரிக்கு ஒரு பிரதி எடுங்கள். 98 தானாகவே ஐந்து பிரதிகளை வைத்துக்கொள்ளும். ஏதாவது கெட்டால் டாஸில் போய் ஸ்கேன்ரெக் என்று அடித்து, இடைவெளி விட்டு, சாய்கோட்டுடன் ரீஸ்டோர் என்று கொடுத்துப் பழையதற்குத் திரும்பலாம். பிறகு நெட்வொர்க் பட்டியலில் உள்ள எல்லாவற்றையும் நீக்குங்கள்: கிளையன்ட், புரோட்டோகால், அடாப்டர், எதுவும் மிச்சம் வேண்டாம். மறுதொடக்கம் கேட்டால் வேண்டாம் என்று சொல்லி, கணினியை அணைத்து, மின்கம்பியைப் பிடுங்கி, கார்டைக் கழற்றுங்கள். எஃப்8 அழுத்தி சேஃப் மோடில் போய், நெட்வொர்க் அடாப்டர் என்ற தலைப்பின் கீழ் இருப்பதையெல்லாம் அழியுங்கள்.

அங்கேயே ரிஜிஸ்ட்ரியைத் திறந்து லோக்கல் மெஷின், சிஸ்டம், கரன்ட்கன்ட்ரோல்செட், சர்வீசஸ் என்று இறங்கினால் வின்சாக்2 (நிரல்களை டிசிபி/ஐபியோடு இணைக்கும் பகுதி) என்று ஒன்று இருக்கும். ஏற்றுமதி செய்து வைத்துக்கொண்டு அதை அழியுங்கள். டிசிபி/ஐபி மறுபடி ஏறும்போது அது புதிதாக எழுதப்படும். கெட்டுப்போன வின்சாக்2 இருந்தால் மற்றதெல்லாம் சரியாக இருந்தும் பிரவுசர் வாய் திறக்காது. டயல்அப் நெட்வொர்க்கிங் போட்டிருந்தால் அதையும் நீக்கிவிடுங்கள். மோடம் இல்லாத கணினிக்கு அது எதற்கு?

கார்டைத் திரும்பப் போடும்போது ஏஜிபி கார்டுக்கு அடுத்த ஸ்லாட்டைத் தவிருங்கள். பல போர்டுகளில் அது கிராஃபிக்ஸ் கார்டோடு ஒரே ஐஆர்க்யூவைப் பகிர்கிறது. ஒரு ஸ்லாட்டை முடிவு செய்தால் பிறகு மாற்றவே வேண்டாம். டிரைவரைக் கேட்கும்போது 'தானாகத் தேடு' வேண்டாம். டிரைவர் சிடியில் 95, 98, என்டி, 2000, எக்ஸ்பி என்று தனித்தனி ஃபோல்டர் இருக்கும், 98 என்று எழுதியதையே கையால் காட்டுங்கள். டிரைவரும் விண்டோஸும் பேசிக்கொள்ளும் என்டிஐஎஸ் என்ற இடைமுகத்தின் பதிப்பு விண்டோஸுக்கு விண்டோஸ் மாறலாம். என்டிக்கான டிரைவரைக் காட்டினால் ஏறியதுபோல் நடித்துவிட்டு, என்டிஐஎஸ் லோடரால் ஏற்ற முடியவில்லை என்று கோட் 2 காட்டும்.

'புதிய கோப்பை வைத்துக்கொள்ளவா' என்று கேட்டால் எப்போதும் யெஸ். சில இடத்தில் நோ கொடுத்தேன் என்கிறீர்களே, புதிய கோப்பை எடுத்துவிட்டுப் பழையதைப் போட்டிருக்கிறீர்கள் என்று பொருள். இந்த முறை முழுவதும் மறுபடி ஏறுவதால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

ஒன்று மட்டும் கேட்க வேண்டும். மஞ்சள் குறி ஒரு நாள் வருகிறது, மறுநாள் இல்லை என்கிறீர்கள். மென்பொருள் கோளாறு இப்படி நாள் பார்த்து வராது. காலையில் கணினியைப் போடும்போது கடிகாரம் சரியாக இருக்கிறதா?

அருகிலிருந்தவன்:

நடுவில் நுழைவதற்கு மன்னியுங்கள். என்னிடம் இருப்பது எக்ஸ்பி. 127.0.0.1க்கு பிங் போகவில்லை, ஐபி டிரைவரைத் தொடர்புகொள்ள முடியவில்லை என்கிறது. டிசிபி/ஐபியை நீக்கலாம் என்றால் அன்இன்ஸ்டால் பட்டன் மங்கலாக இருக்கிறது.

கம்பிமுனை:

எக்ஸ்பியில் அதை நீக்க முடியாதபடிதான் செய்திருக்கிறார்கள், உங்கள் கணினியில் கோளாறு இல்லை. கட்டளைச் சாளரத்தில் நெட்எஸ்எச், இன்ட், ஐபி, ரீசெட் என்று இடைவெளி விட்டு அடித்து, கடைசியில் ஒரு லாக் கோப்பின் பெயரைக் கொடுங்கள். சர்வீஸ் பேக் 2 அல்லது அதற்குமேல் இருந்தால் நெட்எஸ்எச், வின்சாக், ரீசெட் என்பதையும் கொடுத்து மறுதொடக்கம் செய்யுங்கள். அண்மையில் ஏதாவது ஆன்டிவைரஸையோ ஃபயர்வாலையோ நீக்கினீர்களா? அவை வின்சாக் சங்கிலியில் தங்கள் கண்ணியைக் கோர்த்து வைத்திருக்கும். போகும்போது கழற்றாமல் போனால் சங்கிலி அங்கேயே அறுந்து நிற்கும்.

அருகிலிருந்தவன்:

ஆமாம், போன மாதம் ஒரு ஃபயர்வாலை நீக்கினேன். இரண்டாவது கட்டளையில் சரியாகிவிட்டது. மிக்க நன்றி.

தூசிதட்டி:

ஐயா, நீங்கள் கேட்ட பிறகுதான் கவனித்தேன். மின்கம்பியைப் பிடுங்கி வைத்தால் அடுத்த முறை தேதி ஜனவரி 1க்குப் போய்விடுகிறது. அதை நான் ஒரு பொருட்டாகவே நினைக்கவில்லை, ஒவ்வொரு முறையும் தேதியை மட்டும் திருத்திவிட்டு வேலையைத் தொடர்ந்தேன். போன வாரம் யாரோ சொன்னார்கள் என்று பயாஸில் காம்2 போர்ட்டை அணைத்து வைத்தேன், மறுநாள் பார்த்தால் அது திரும்ப வந்திருந்தது. நான்தான் சேமிக்க மறந்தேன் என்று நினைத்துக்கொண்டேன்.

டிஸ்க் இமேஜ் எடுத்தாயிற்று, இரண்டு பிரதி. அப்பாவின் கடிதங்கள் 214 கோப்புகள். எல்லாம் திறக்கின்றன. முதல்பிரதிக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை.

கம்பிமுனை:

கடிதங்கள் பத்திரமாக வந்ததைப் படித்ததும் எனக்கே மனம் லேசானது.

பயாஸ் பேட்டரி தீர்ந்துவிட்டது. போர்டில் நாணயம்போல் இருக்கும், பெரும்பாலும் சிஆர்2032, 3 வோல்ட். அது செத்தால் மின்சாரம் போகும்போதெல்லாம் பயாஸ் தன் பிறந்த நாளுக்குத் திரும்பும். நீங்கள் அணைத்த போர்ட்டுகள் உயிர் பெறும், ஐஆர்க்யூக்கள் வேறு விதமாகப் பங்கிடப்படும். நேற்று 10இல் இருந்த கார்டு இன்று 11க்குப் போகலாம், அல்லது ஒலி அட்டையோடு மோதலாம். உங்கள் மஞ்சள் குறி வந்து வந்து போனதற்கு நான் சந்தேகப்படுவது இதைத்தான்.

புதிய பேட்டரி போட்டதும் பயாஸில் போய் நேரம் வையுங்கள். பிஎன்பி பகுதியில் ரீசெட் கான்ஃபிகரேஷன் டேட்டா என்று இருந்தால் ஒரு முறை மட்டும் எனேபிள் செய்து சேமியுங்கள், பழைய பங்கீட்டு அட்டவணை அழியும். அது முடிந்த பிறகுதான் கார்டைச் செருக வேண்டும். கணினி தொடங்கும்போது பிசிஐ சாதனங்களின் பட்டியல் ஒரு கணம் வந்து போகும். பாஸ் விசையை அழுத்தி நிறுத்திப் பாருங்கள். நெட்வொர்க் கன்ட்ரோலர் என்ற வரியில் 10இசி, 8139 என்ற எண்கள் இருந்தால் பயாஸ் கார்டைச் சரியாகப் பார்க்கிறது. அந்த வரி இல்லாவிட்டால் விண்டோஸுக்குள் போகவே வேண்டாம், கார்டை எடுத்து முனைகளை அழிப்பானால் துடைத்து மறுபடி அழுத்திச் செருகுங்கள்.

தூசிதட்டி:

எல்லாவற்றையும் நீங்கள் சொன்ன வரிசையிலேயே செய்தேன். சேஃப் மோடில் நான்கு பதிவுகள் இருந்தன: என் கார்டு மூன்று முறை, செத்துப்போன பழைய கார்டு ஒரு முறை. அழித்தேன். டிரைவர் ஏறும்போது டிசிபி/ஐபியும் கிளையன்டும் தானாகவே வந்து உட்கார்ந்தன. கேப்ஸ் ஃபோல்டரைக் காட்டியதும் ஒரு கோப்பைக்கூட விடாமல் எடுத்துக்கொண்டது. விநெட்சப் செய்தி வரவில்லை. 127.0.0.1 பதில் தருகிறது!

ஆனால் விண்ஐபிசிஎஃப்ஜியில் 169.254 என்று தொடங்கும் முகவரி காட்டுகிறது. ரவுட்டருக்கு பிங் போகவில்லை. மறுபடி டிசிபி/ஐபியை நீக்கட்டுமா?

கம்பிமுனை:

வேண்டாம், கை வைக்காதீர்கள்! 169.254 வந்திருப்பது நல்ல செய்தி. டிஎச்சிபியிடமிருந்து (ரவுட்டரில் முகவரி வழங்கும் சேவையிடமிருந்து) பதில் வராதபோது விண்டோஸ் தனக்குத் தானே கொடுத்துக்கொள்ளும் முகவரி அது. அதைக் கொடுத்துக்கொள்ளும் அளவுக்கு டிசிபி/ஐபி நன்றாக ஓடுகிறது. இனி கோளாறு பெரும்பாலும் கணினிக்கு வெளியே. கார்டின் பின்புற விளக்கு எரிகிறதா? கேபிளை மாற்றிப் பாருங்கள். கார்டின் அட்வான்ஸ்டு பக்கத்தில் வேகம் ஆட்டோவில் இருக்கட்டும், 100 ஃபுல் என்று கட்டாயப்படுத்த வேண்டாம். ஒரு முனை ஆட்டோவும் மறுமுனை ஃபுல்லுமாக இருந்தால் இணைப்பு இருப்பதுபோல் தெரியும், கோப்பு ஊர்ந்து போகும்.

கிடைத்ததும் இன்னொன்று செய்யுங்கள். விண்டோஸ் 98க்கு ஆதரவு 2006 ஜூலையிலேயே முடிந்தது. அதை இணையத்தில் விடக் கூடாது. நிலையான ஐபி கொடுத்து, கேட்வே இடத்தைக் காலியாக விட்டுவிடுங்கள். வீட்டுக்குள் மற்ற கணினிகளோடு பேசும், வெளியே போகாது.

கோப்புப் பகிர்வை முயன்றால் அடுத்து ஒரு சுவரில் முட்டுவீர்கள். 98 பேசுவது எஸ்எம்பி1 என்ற பழைய பகிர்வு முறை. விண்டோஸ் 10, 1709 பதிப்பிலிருந்து புதிதாக நிறுவினால் அதன் சர்வர் பகுதி இருப்பதில்லை. பாதுகாப்புக்காக எடுத்ததைப் பழைய பெட்டிக்காகத் திரும்ப வைக்க எனக்கு மனம் வராது. புதிய கணினியில் ஒரு எஃப்டிபி (கோப்புப் பரிமாற்ற) சர்வரை ஓட்டுங்கள், ஃபயர்வாலில் அதற்கு அனுமதி கொடுங்கள். 98இல் எஃப்டிபி கட்டளை ஏற்கெனவே உண்டு. ஸ்கேன் செய்தவுடன் அனுப்பிவிடலாம். உள்ளே போனதும் முதலில் பைனரி என்று அடிக்க மறக்காதீர்கள்.

தூசிதட்டி:

கேபிள்தான். ஒரு முனையின் பிளாஸ்டிக் நாக்கு உடைந்து, செருகியதுபோல் தெரிந்தும் உள்ளே அழுந்தாமல் இருந்தது. வேறு கேபிள் போட்டதும் விளக்கு எரிந்தது, முகவரி வந்தது. நீங்கள் சொன்னபடி நிலையான ஐபிக்கு மாற்றி, கேட்வேயைக் காலியாக விட்டுவிட்டேன்.

நேற்று இரவு முதல் ஆல்பத்தில் 38 படங்களை ஸ்கேன் செய்து அனுப்பினேன். முதல் தடவை பைனரி அடிக்க மறந்துவிட்டேன். படங்கள் எல்லாம் கோடு கோடாகக் கிழிந்து திறந்தன, ஒரு கணம் நெஞ்சு நின்றுவிட்டது. பைனரி கொடுத்து, பல கோப்புகளை ஒன்றாக அனுப்பும் எம்புட் கட்டளையில் மறுபடி அனுப்பினேன், அத்தனையும் முழுதாக வந்தன. அதில் ஒன்றில் அப்பா இதே மேசையில், இதே கணினிக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறார். பெட்டியின் பக்க மூடியைக் கழற்றிச் சுவரில் சாய்த்து வைத்திருக்கிறார்.

இரண்டாவது ஆல்பத்தை ஞாயிற்றுக்கிழமை எடுக்கிறேன்.